ஊர் மேடாகும் கதை: மயிலிட்டியிலிருந்து கந்தரோடைக்கு

2017 யூலையில் யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள மயிலிட்டியில் இராணுவத்திடமிருந்து ஒரு துண்டு நிலம் விடுபட்டபோது பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 1990இல் போருக்குள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டவர். 27 வருசமாக அந்த வளவில் அவர் கால் படவில்லை. "இதுதான் வீடு" என்று அவர் கை நீட்டிய இடத்தில் வீடு இல்லை. நாயுருவியும் ஆமணக்கும் மூடிய ஒரு மேடு இருந்தது. என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவு உயரம்.

பற்றையை வெட்டிவிட்டு ஒரு பக்கத்தை மண்வெட்டியால் வழித்தோம். முதலில் வேரோடு கூடிய கறுத்த மண். அதற்குக் கீழே உடைந்த ஓடும் உதிர்ந்த சாந்தும் கலந்த ஒரு படை. பிறகு மெல்லிய, சாம்பல் நிறமான ஒரு கோடு. கூரை மரம் உக்கிய இடமாக இருக்க வேண்டும். அதற்கும் கீழே சிவப்புச் சீமெந்து போட்ட நிலம். பெரியம்மா குனிந்து அந்தச் சிவப்பைத் தொட்டுப் பார்த்து, "இது விறாந்தை, குசினி அங்காலை" என்றார். அங்காலை வழித்தபோது பாதி அம்மி கிடந்தது.

தொல்லியல் மேடு என்றால் என்ன என்று யாரும் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்குக்குத் திரும்பிப் போன எத்தனையோ குடும்பங்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கின்றன. மனிதர் விட்டுப்போன ஒரு வீடு எப்படி மண்ணாகிறது என்பதைப் புத்தகம் பார்த்துப் படிக்க வேண்டிய தேவை எங்கள் சனத்துக்கு இல்லை.

ஆனால் ஒரு வீடு விழுந்தால் மட்டும் பெரிய மேடு வந்துவிடாது. அந்த இடிபாட்டின் மேலேயே இன்னொரு வீடு எழும்ப வேண்டும். அது விழ, அதன் மேல் இன்னொன்று. சனம் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால்தான் மேடு வளரும். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம், தோட்டத்துக்குப் பக்கம், துறைக்குப் பக்கம் என்று இடத்துக்கு ஒரு பெறுமதி இருந்தால் சனம் அதை விடாது. அதனால் ஒரு மேடு, அழிவுக்கு எவ்வளவு சாட்சியோ அவ்வளவுக்கு மீள்குடியேற்றத்துக்கும் சாட்சி.

மேற்காசியாவில் இந்த மேடுகள் பிரமாண்டமானவை. அரபு மொழியில் அதைத் தெல் என்பார்கள். தெல் அவீவ் என்ற நகரின் பெயரில் வரும் தெல்லும் அதே சொல்தான். எரிகோ நகரின் பழைய மேடு 20 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. ஈராக்கின் எர்பில் நகரக் கோட்டை இருக்கும் குன்று இயற்கைக் குன்று இல்லை. ஏறத்தாழ 30 மீற்றர் உயரமும் குடியிருப்பின் மேல் குடியிருப்பாகச் சேர்ந்தது. அங்கெல்லாம் வெயிலில் காயவைத்த மண்கல்லால் வீடு கட்டினார்கள். அந்த வீடு இரண்டு தலைமுறை நின்றால் பெரிய காரியம். சுவர் சரிந்ததும் அந்த மண்ணை யாரும் அள்ளி வெளியே கொட்டமாட்டார்கள். அதைச் சமப்படுத்திவிட்டு மேலே புதுச்சுவர் வைப்பார்கள். வீட்டு நிலம் ஒரு முழம் உயர்ந்துவிடும், தெருவும் கூடவே உயரும். ஆயிரக்கணக்கான வருசம் இப்படியே போனால் சமவெளியில் ஒரு மலை நிற்கும்.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு மேடு, திடல், பரம்பு என்று பெயர்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டின் பெயரிலேயே மேடு இருக்கிறது. கீழடியில் தோண்டிய தென்னந்தோப்பின் பெயர் பள்ளிச்சந்தைத் திடல். எங்கள் பக்கத்தில் சின்ன மேட்டைப் பிட்டி என்கிறோம், அல்லைப்பிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிட்டி என்று பெயர் வந்த எல்லா இடமும் பழைய குடியிருப்பு என்று சொல்ல வரவில்லை. மணற்காட்டில் இருப்பது காற்றுக் குவித்த மணல். அங்கே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன; மேட்டை உண்டாக்கியது காற்று, மனிதர் அதற்குள் அகப்பட்டுக்கொண்டார்கள். குடியிருப்பு மேடு அப்படி இல்லை. அதன் மண்ணே வேறு. கையில் எடுத்து நசித்தால் சாம்பல் கலந்து மெதுவாக, கறுப்பாக இருக்கும். சிப்பி, எலும்புத் துண்டு, கரி, பானையோடு இவையெல்லாம் இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போனால் ஓட்டுத் துண்டுகள் கழுவித் துடைத்ததுபோல மேலே கிடக்கும்.

எர்பிலில் 30 மீற்றர் உயர்ந்தது யாழ்ப்பாணத்தில் ஏன் ஆளுயரத்தோடு நின்றுவிட்டது? இங்கே பழைய சனம் வீடு கட்டியது மரம், களிமண், பனையோலை, கிடுகு கொண்டு. களிமண் மிஞ்சும், மற்றவை உக்கிப் போகும். ஓலைக் கூரை மேட்டுக்குக் கொடுக்கும் பங்கு ஒரு விரற்கடை கூட வராது. மாரி மழை வேறு மேட்டை ஒவ்வொரு வருசமும் கரைக்கிறது. அத்தோடு கல்லுக்கு இங்கே எப்போதும் தேவை இருந்தது. முருகைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ பழைய கட்டடத்தில் கண்டால் அதைப் பெயர்த்துப் புது மதிலுக்கு வைப்பார்கள், இல்லாவிட்டால் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள். மண்ணும் அப்படித்தான். சாம்பலும் எலும்பும் உக்கிய மண் பயிருக்கு நல்ல உரம். எகிப்தில் விவசாயிகள் பழைய ஊர்மேடுகளின் மண்ணை வண்டி வண்டியாக வயலுக்கு ஏற்றியே பல மேடுகளைக் கரைத்துவிட்டார்கள். இங்கேயும் தோட்டக்காரர் எவரும் அந்தக் கறுத்த மண்ணின் அருமை தெரியாதவர் இல்லை.

ஆக எங்கள் மேடுகளில் நூற்றாண்டுகள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எரிகோவில் ஒரு மீற்றரை இழந்தால் ஒரு அத்தியாயம் போகும். யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் போனால் புத்தகமே போய்விடலாம்.

கந்தரோடையை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டில் ஆறு என்று பெயருக்காவது சொல்லக்கூடியது வழுக்கையாறு ஒன்றுதான். மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும். அதன் ஓரத்தில், செம்மண்ணும் வயலும் சந்திக்கும் இடத்தில் கந்தரோடை இருக்கிறது. சனம் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதை அங்கே போய் நின்றாலே விளங்கும். சிவில் சேவை அதிகாரியாக இருந்த போல் ஈ. பீரிஸ் 1917 தொடக்கம் அங்கே ஆய்வு செய்தார். பழைய நாணயங்கள், செம்பில் செய்த மைக்கோல்கள், மணிகள், சிறிய பௌத்தத் தூபிகள் எல்லாம் அப்போதே பேசப்பட்டன. சுற்றுலா வருகிறவர்கள் இன்று படம் எடுப்பது அந்தத் தூபிகளைத்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை கந்தரோடையின் பெரிய செய்தி அவற்றுக்குக் கீழே, பக்கத்துக் காணிகளின் மண்ணில் இருக்கிறது. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு ஒன்று அங்கே குழி வெட்டியது. அடியிலுள்ள படைகளில் கறுப்பு-சிவப்புப் பானையோடுகள் வந்தன. தென்னிந்தியாவில், இறந்தவருக்குப் பெருங்கல் வைத்த பெருங்கற்கால ஊர்களில் வருகிற அதே வகை.

அந்த ஓடு ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். வெளிப்பக்கம் செங்கல் நிறம். விளிம்பும் உள்பக்கமும் மையிருட்டு. இரண்டு நிறமும் பூச்சு இல்லை, சூளை செய்த வேலை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது. காற்றுக் கிடைத்த வெளிப்பக்கம் சிவக்கும், கிடைக்காத உள்பக்கம் கறுக்கும். உடைந்த முனையைப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் கோடு தெரியும். விரலால் தடவினால் வழுவழுப்பு; சுட முதல் யாரோ ஒருவர் கல்லால் தேய்த்திருக்கிறார். 2000 வருசத்துக்கு முந்திய ஒரு பெண்ணோ ஆணோ அந்தப் பானைக்காகச் செலவழித்த பின்னேரம் அந்த வழுவழுப்பில் இருக்கிறது.

அதற்கு மேலேயுள்ள படைகளில் இன்னொரு வகை தட்டு வருகிறது. மெல்லிய, சாம்பல் நிறமான, உள் அடியில் வட்டம் வட்டமாகச் சிறு புள்ளிகள் உருட்டிப் பதித்த தட்டு. 1945இல் தொல்லியலாளர் மோர்டிமர் வீலர் அரிக்கமேட்டில் இதை இத்தாலியில் செய்த பாண்டங்களோடு ஒரே படையில் கண்டார். அதை வைத்து இந்தப் புள்ளித்தட்டின் காலத்தைக் கணித்தார், அதுவும் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பொருள் என்று நினைத்தார். பின்னால் வந்த களிமண் ஆய்வுகள் அது இந்தியத் துணைக்கண்டத்திலேயே செய்யப்பட்டது என்று காட்டின. காலமும் அவர் நினைத்ததைவிட முன்னுக்குப் போனது. அநுராதபுரத்தின் ஆழமான குழிகள் அதற்கு உதவின. ஒரு மேட்டில் கிடைத்த விடையை இன்னொரு மேடு திருத்துகிறது. மேடுகள் பல மிஞ்சி இருந்தால்தான் இந்தத் திருத்தம் நடக்கும்.

சரி, படை என்றால் ஏன் இவ்வளவு முக்கியம்? கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. கேட்க இவ்வளவுதான். ஆனால் மேட்டுக்குள் யாரும் ஒழுங்காக அடுக்கி வைப்பதில்லை. ஒருவர் குப்பைக்குழி வெட்டுவார். அவருடைய பேரன் கிணறு வெட்டுவான். எலி வளை தோண்டும், பனை வேர் விடும். மேலேயுள்ள ஒரு சல்லிக்காசு கிணற்று வழியாக ஆயிரம் வருசம் கீழே போய்விடலாம். அதனால்தான் தோண்டுகிறவர்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுச் சாந்தகப்பையும் தூரிகையும் எடுக்கிறார்கள். மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, இறுக்கம் எங்கே மாறுகிறது என்று பார்த்து, குழிக்குள் குழி இருந்தால் அதை முதலில் வெறுமையாக்கி, அதற்குப் பிறகுதான் படையைத் தொடுகிறார்கள். சாணம் மெழுகிய நிலம் குழியின் பக்கச்சுவரில் கடதாசிகளை அடுக்கியதுபோலத் தெரியும்; ஒவ்வொரு மெழுகலும் ஒரு கோடு. அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் குசினி மெழுகியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடுகளைக் கண்டால் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்.

இந்தப் பொறுமை இல்லாததால் நடந்த நட்டம் உலகம் அறிந்தது. 1870களில் துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் ட்ரோய் நகரைத் தேடிய ஹைன்ரிக் ஷ்லீமன், அது அடியில்தான் இருக்கும் என்று எண்ணி, மேட்டின் நடுவால் பெரிய வாய்க்கால் போல வெட்டிக்கொண்டு போனார். அந்த மேட்டில் ஒன்பது பெரிய படைகள். அவர் தேடிய காலத்துக்கு உரிய படைகளின் ஒரு பகுதியையே மண் என்று அள்ளி வெளியே போட்டுவிட்டார். 1890இல் பலஸ்தீனத்தின் தெல் எல் ஹெஸி மேட்டில் பிளின்டர்ஸ் பெற்றீ வேறு வழியில் போனார். தங்கம் தேடாமல், எந்தப் படையில் எந்தப் பானையோடு என்று குறித்தார். உடைந்த ஓடே நாள்காட்டி ஆகும் என்பதை அந்த மேடு நிரூபித்தது.

ஹரப்பாவின் கதை இன்னும் கிட்டத்தில். 1850களில் லாகூர்-முல்தான் புகையிரதப் பாதை போட்ட ஒப்பந்தகாரர்களுக்குத் தண்டவாளத்துக்கு அடியில் போடக் கல் வேண்டியிருந்தது. ஹரப்பா மேட்டில் சுட்ட செங்கல் குவியலாகக் கிடந்தது. 4000 வருசத்துப் பழமையான செங்கல்லை அள்ளிப் பாதைக்குப் போட்டார்கள். மனம் வைத்து அழித்தவர்கள் இல்லை. அருகில் இருந்த மலிவான பொருளை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் தாழ்வான காணி ஒன்றை நிரப்ப இன்று ஒரு டிப்பர் மண் தேடுகிறவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

ஒரு பொருளை அது கிடந்த இடத்திலிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆனைக்கோட்டையை விட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி ஆகியோருடன் அங்கே அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைப்பு ஒன்றில் மனித எலும்புக்கூட்டோடு சிறிய வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு வரி. மேல்வரியில் பானைகளில் கீறும் குறியீடுகள் போன்றவை. கீழ்வரியில் பிராமி எழுத்து. கோவேத என்று வாசித்திருக்கிறார்கள். ஒரு தலைவனின் பெயராகவோ பட்டமாகவோ இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து, வேறு விளக்கங்களும் உண்டு. எழுத்து வருவதற்கு முந்திய குறியும் எழுத்தும் ஒரே பொருளில் பக்கம் பக்கமாக நிற்பதுதான் அதன் சிறப்பு. அந்த முத்திரை புதைப்புக்குள், அந்த எலும்புகளோடு, அந்தப் பானைகளோடு கிடந்ததால்தான் அதற்கு இவ்வளவு பேச்சு. அதே முத்திரை ஒரு சுமை மண்ணோடு ஏறி எங்கேயோ ஒரு வீட்டு அத்திவாரத்துக்குப் போயிருந்தால், கண்டெடுத்தவர் கையில் அது பச்சை பிடித்த ஒரு உலோகத் துண்டு.

மன்னாரின் மாந்தை மேட்டில், திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்தில், இன்னும் சின்னப் பொருள் ஒன்று கிடைத்தது. குதிரை லாட வடிவில் அகழிகள் சூழ்ந்த பெரிய மேடு அது; தொல்லியலாளர் யோன் கார்ஸ்வெல் 1980களில் பல பருவங்கள் தோண்டினார், போர் வந்து நிறுத்தியது. போர் முடிந்தபின் 2009-10இல் மீண்டும் ஒரு குழு வந்தது. இந்த முறை அவர்கள் மண்ணைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார்கள். மண் அடியில் போகும், கரிந்த விதை மேலே மிதக்கும், அதை மெல்லிய வலையில் பிடித்து உலர்த்திப் பார்க்கலாம். அப்படி மிதந்து வந்தவற்றில் ஒரு கராம்பு இருந்தது. ஒரே ஒரு கராம்பு. அது வந்த படையின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. கராம்பு மரம் அந்தக் காலத்தில் வளர்ந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும். ஆயிரம் வருசத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் கடந்து வந்து மாந்தையில் யாரோ ஒருவர் கையிலிருந்து தவறி விழுந்திருக்கிறது. கார்ஸ்வெல் 1977இல் அல்லைப்பிட்டியில் சீனத்து சொங் அரசர் காலப் பாண்டங்களைக் கண்டதும் அதே கடற்பாதையின் சாட்சிதான். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் கோட்டைக்கு அடியில் அண்மைக்கால அகழ்வுகளில் போர்த்துக்கேயர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய பானையோடுகள் வந்திருக்கின்றன. கோட்டை நிற்பதே ஒரு பழைய துறைமுக ஊரின் தலைமேல்.

இப்போது கஷ்டமான விசயத்துக்கு வருகிறேன். தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் ஊர்களில் சனம் வாயை மூடிக்கொள்ளும். கிணறு வெட்டும்போது பழைய செங்கல்லோ தாழியோ தெரிந்தால் இரவோடிரவாக மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்தடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது, கண்டால் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் காணி போய்விடும், ஒரு பலகை வந்துவிடும், பலகைக்குப் பின்னால் வேறு ஏதாவது வரும் என்று சனம் பயப்படுகிறது. வடக்கு கிழக்கில் சில இடங்களில் நடந்ததைப் பார்த்தவர்களிடம் அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். தூபியைக் கண்டால் ஒரு பக்கத்தினர் இது எங்களுடையது என்கிறார்கள், மறுபக்கத்தினர் இல்லை என்று சொல்வதற்காகப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தமிழர் பௌத்தராக இருந்த காலமும் இருந்தது என்பதை இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறது.

மேட்டில் ஒரு படை சொல்வது இதுதான்: இந்தக் காலத்தில் இங்கே மனிதர் இருந்தார்கள், இதைச் சமைத்தார்கள், இதைக் கும்பிட்டார்கள், இன்ன நாட்டுப் பாண்டம் வாங்கினார்கள். இன்றைய காணி உறுதி அதற்குள் இல்லை, எந்த ஆழத்தில் தோண்டினாலும் வராது. பயத்தில் நாங்களே மேட்டை அழித்தால் இழப்பு எங்களுக்குத்தான். பானையோட்டை மூடி மறைத்த காணியில் நாளைக்கு வேறொருவர் வந்து தான் விரும்பிய கதையைச் சொல்லும்போது, மறுத்துச் சொல்ல எங்களிடம் மண்ணே இருக்காது. ஆனைக்கோட்டையும் பூநகரியும் வரலாற்றில் இடம்பிடித்தது எங்கள் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் வெயிலில் குந்தியிருந்து ஓடு பொறுக்கியதால்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வளவில் பழைய ஓடு கண்டால் அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கேயே வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனையோ தீப்பெட்டியோ வைத்தால் அளவு தெரியும். குழியின் பக்கச்சுவரையும் எடுங்கள். ஓட்டைவிட அந்தச் சுவர்தான் கூடுதலாகப் பேசும். அப்புறம் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிற ஒருவருக்குக் காட்டுங்கள். நிலம் உயர்த்த மண் வாங்கும்போது அது எங்கே வெட்டிய மண் என்று டிப்பர்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் தெருவில் ஒருமுறை பறித்த மண்ணில் கை நிறையக் கறுப்பு-சிவப்பு ஓடு இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். எந்தப் பிட்டியில் வெட்டினது என்று அவருக்கே நினைவில்லை. அன்றைக்கு மூன்று இடத்தில் ஏற்றியிருந்தார். அந்த ஓடுகள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. நான் அவற்றைப் பார்த்துச் சொல்லக்கூடியது அவை பழையவை என்பது மட்டும்.

மயிலிட்டியில் பெரியம்மாவின் மகன் அடுத்த வருசமே வீடு கட்டத் தொடங்கினார். பழைய அத்திவாரம் பலமாக இருந்ததால் மேசன் அதிலேயே எழுப்பலாம் என்றார். சிவப்பு நிலத்தை உடைக்கவில்லை. இடிபாட்டை அதன் மேலேயே பரவி, தண்ணீர் விட்டு இறுக்கி, ஒன்றரை அடி உயர்த்திப் புதிய சீமெந்து போட்டார்கள். நிரப்புகிற அன்று பெரியம்மா வந்து நின்று பார்த்தார். பாதி அம்மியை எடுத்து வைக்கவா என்று கேட்டேன். "அது குசினிக்கை கிடந்தது, குசினிக்கையே கிடக்கட்டும்" என்றார். அதன் மேல் மண்ணைப் போட்டார்கள்.